மோட்டார் இல்லாமல் அலாஸ்கா வரை: முதன்முறை இறங்குகிறவர்களுக்கு

ரேஸ் டு அலாஸ்கா போட்டியில் முதல் பரிசு 10,000 டாலர். இரண்டாம் பரிசு, இறைச்சி வெட்டும் கத்தி ஒரு செட். மூன்றாவதாக வருகிறவர்களுக்குக் கைதட்டல்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் போர்ட் டவுன்செண்டில் கிளம்பி, கனடாவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே ஏறி, அலாஸ்காவின் கெச்சிகன் ஊரில் முடியும் போட்டி இது. தூரம் 750 மைல், அதாவது ஏறக்குறைய 1200 கிலோமீட்டர். நார்த்வெஸ்ட் மாரிடைம் சென்டர் என்ற அமைப்பு 2015இல் இதைத் தொடங்கியது. விதிகள் கொஞ்சம்தான். படகில் மோட்டார் இருக்கக் கூடாது. கூடவே உதவிப் படகு வரக் கூடாது. வழியில் கடையில் வாங்கலாம், ஆனால் மற்றவர்களுக்குக் கிடைக்காத ஏற்பாட்டை உங்களுக்கென்று முன்கூட்டிச் செய்துவைக்கக் கூடாது.

பாய், துடுப்பு, பெடல் என்று எதை வைத்து வேண்டுமானாலும் போகலாம். 2017இல் கார்ல் குரூகர், நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகையில் 14 நாளுக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பந்தயக் கட்டமரான் (இரட்டை உடல் படகு) நான்கு நாள்கூட ஆகாமல் முடித்துவிட்டது. முதன்முறை போகிறவர்கள் இரண்டு, மூன்று வாரத்துக்குத் திட்டமிடுவது நல்லது.

மோட்டார் உள்ள படகில் பழகியவருக்குத் தெரியாமலே ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்: சிக்கல் வந்தால் சாவியைத் திருகி வெளியே வந்துவிடலாம். மோட்டாரை அரை நாளில் கழற்றிவிடலாம். இந்த நினைப்பைக் கழற்ற ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடத்துக்கான வழிகாட்டியாகவே இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: குளிர்ந்த தண்ணீரில் இறங்கிப் பாருங்கள்

எந்தப் படகு வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். போட்டி நடப்பது ஜூனில். கோடைதானே என்று நினைக்க வேண்டாம். அந்தக் கடலின் பெரும்பகுதி அப்போதும் 10 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீர் பற்றி ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் ஒரு கணக்கைப் பரப்பினார்: 1-10-1. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் பேச்சைக் கேட்காது. இழுத்து இழுத்து வாங்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் போனால் ஆபத்து. அடுத்த 10 நிமிடம்தான் கையும் காலும் உருப்படியாக வேலை செய்யும். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப 1 மணி நேரம் வரை ஆகலாம். மக்கள் கடைசி 1ஐப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் லைஃப் ஜாக்கெட் இல்லாதவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டம்வரை வருவதே இல்லை. முதல் நிமிடத்திலோ, கை மரத்துப்போன பிறகோ முடிந்துவிடுகிறது.

ஆகவே ட்ரை சூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத முழு உடை, வாங்குங்கள். பணத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். வாங்கி மாட்டி வைத்தால் போதாது, அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டும். கழுத்து ரப்பரில் நாலு தலைமுடி சிக்கியிருந்தால்கூட அந்த வழியாக ஈரம் இறங்கும். போட்டதும் குந்தி உட்கார்ந்து, கழுத்து ரப்பரை ஒரு விரலால் விலக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் காற்று காலுக்குப் போய், தண்ணீரில் கால் மேலே மிதக்கும். இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் கழிக்க வைத்திருக்கும் ஜிப்பை மூட மறந்துவிட்டு விழுகிறவர்கள் உண்டு. அப்படி விழுந்தால் அந்த விலை உயர்ந்த சூட் ஒரு தண்ணீர்ப் பைதான். யாராவது வெளியே போய்விட்டு வந்தால் இன்னொருவர் “ஜிப்?” என்று கேட்பதைப் பழக்கமாக்குங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு வாளியில் ஐஸ் தண்ணீர் வைத்து இரண்டு கையையும் ஐந்து நிமிடம் முக்கிவையுங்கள். எடுத்ததும் போலைன் (நழுவாத கண்ணி) முடிச்சுப் போடுங்கள், கயிறு மாட்டும் வளையமான ஷேக்கிளைத் திருகுங்கள், ரேடியோவில் சேனலை மாற்றுங்கள். எது முடியவில்லையோ அதைப் படகில் மாற்றி அமைக்க வேண்டும். சின்னத் திருகாணிக்குப் பதில் பெரிய கொக்கி, மெல்லிய கயிற்றுக்குப் பதில் தடித்த கயிறு. படகு அமைப்பைப் பற்றி எந்தப் புத்தகமும் சொல்லாததை அந்த வாளி சொல்லிவிடும்.

குளிர் மூளையையும் தொடும். கூட வருகிறவர் தடுமாறுகிறார், வார்த்தை குழறுகிறது, கையில் உள்ளதை நழுவவிடுகிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார் என்றால் அவரோடு சண்டை போடாதீர்கள். முதலில் காய்ந்த துணியும் சூடான இனிப்புப் பானமும் கொடுங்கள். தண்ணீரிலிருந்து தூக்கிய ஆளை உடனே எழுப்பி நிற்க வைக்கக் கூடாது. படுத்த நிலையிலேயே வைத்திருங்கள். இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, மீட்ட பிறகு மயங்கிச் சரிகிறவர்கள் இருக்கிறார்கள்.

படகு: எது வேண்டுமானாலும், ஆனால் பெடலோடு

2015இல் ஜெயித்தது ஒரு ட்ரைமரான், அதாவது மூன்று உடல் படகு. 2018இல் “செயில் லைக் எ கேர்ல்” என்ற முழுப் பெண்கள் அணி, மெல்ஜஸ் 32 என்ற ஒற்றை உடல் படகில் ஆறரை நாளில் ஜெயித்தது. ஆகவே எந்த வகை சிறந்தது என்ற விவாதத்துக்கு இங்கே முடிவே இல்லை. புதியவர்களிடம் நான் சொல்வது: ஏற்கெனவே உங்களுக்குப் பழகிய படகில் போங்கள். இருட்டில், மழையில், கண்ணை மூடிக்கொண்டு பாயைச் சுருக்கத் தெரிந்த பழைய படகு, நேற்று வாங்கிய வேகமான படகைவிட உங்களைப் பத்திரமாகக் கொண்டுபோகும்.

ஆனால் காற்றில்லாத நேரத்துக்கு வழி இருக்க வேண்டும். இந்தக் கரையில் கண்ணாடிபோலக் கடல் கிடக்கும் மணி நேரங்கள் ஏராளம். படகின் பின்புறம் சைக்கிள் பெடலோடு இணைத்த புரொப்பெல்லர், அல்லது நீண்ட துடுப்பு. சுமாரான பெடல் அமைப்பில் நடுத்தரப் படகு 2 நாட் வேகம் போகும், கொஞ்சம் அதிகமும் வரலாம். (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்.) கேவலமான வேகம்தான். ஆனால் அந்த 2 நாட்தான் பாறைப் பக்கம் தள்ளும் நீரோட்டத்திலிருந்து உங்களை விலக்கி வைக்கும். பெடலை ஒரு மணி நேரம் மிதித்துப் பார்த்துவிட்டு “வேலை செய்கிறது” என்று முடிவுகட்டாதீர்கள். ஆறு மணி நேரம் மிதியுங்கள். செயின் கழன்றால் அலையாட்டத்தில் மாட்ட முடிகிறதா, கடற்பாசி சுற்றினால் உள்ளிருந்தே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இதற்கு நல்ல பயிற்சிக் களமும் இருக்கிறது. இதே அமைப்பு 2018 முதல் நடத்தும் செவன்ட்டி48 என்ற போட்டி: டகோமாவிலிருந்து போர்ட் டவுன்செண்ட் வரை 70 மைல், 48 மணி நேரம், மோட்டாரும் கிடையாது, பாயும் கிடையாது. உடம்பும் பெடலும் என்ன தாங்கும் என்று அதில் தெரிந்துவிடும்.

நீரோட்ட அட்டவணைதான் உங்கள் மோட்டார்

இந்தக் கரையில் கடல் பெரும்பாலும் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். தீவுகளுக்கு நடுவே உள்ள குறுகிய வாய்களில் அந்தத் தண்ணீர் ஆறுபோல ஓடும். 5 நாட் வேகத்தில் போகும் படகு, எதிரே 3 நாட் ஓட்டம் இருந்தால் 2 நாட்தான் நகரும். அதே ஓட்டம் பின்னாலிருந்து வந்தால் 8. ஆகவே எத்தனை மணிக்குத் தூங்குவது, எப்போது சாப்பிடுவது என்பதெல்லாம் அட்டவணையைப் பார்த்துத்தான். விடிந்தது, கிளம்பலாம் என்று நினைக்கிறவர் ஆறு மணி நேரம் மிதித்து ஒரே கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிக் கிடக்கும் வான்கூவர் தீவின் இரண்டு முனைகளிலிருந்தும் ஏற்றம் உள்ளே வந்து, கேப் மட்ஜ் முனைக்குத் தெற்கே சந்திக்கிறது. அதுவரை வடக்கே போகிறவருக்கு ஏற்றம் சாதகம். அதைத் தாண்டியதும் தலைகீழ்: வற்றம்தான் சாதகம், ஏற்றம் முகத்தில் அடிக்கும். இது தெரியாமல் முதல் மூன்று நாள் பழக்கத்தை அப்படியே தொடர்ந்தால் அவதிதான்.

இன்னொரு பொறி நேரம். அச்சிட்ட கனடா அட்டவணைகளில் கோடை நேரம் சேர்க்கப்படாமல் இருக்கலாம். முதல் பக்கத்தைப் படித்து, தேவையானால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அலாஸ்கா நேரமோ ஒரு மணி நேரம் பின்னால். வரைபடத்திலும் இப்படித்தான்: கனடாவில் ஆழம் பெரும்பாலும் மீட்டரில், அமெரிக்க வரைபடங்களில் அடியிலோ ஃபேதத்திலோ இருக்கும். ஃபேதம் என்று போட்டிருந்தால் ஒன்றுக்கு ஆறு அடி.

வழி

முதல் கட்டம் போர்ட் டவுன்செண்டிலிருந்து கனடாவின் விக்டோரியா வரை, 40 மைல். காலை 5 மணிக்குத் தொடக்கம், 36 மணி நேர அவகாசம். தகுதி இல்லாதவர்களை வடிகட்டவே இதை வைத்திருக்கிறார்கள், சும்மா சடங்கு அல்ல. குறுக்கே கிடப்பது ஹுவான் டி ஃபூக்கா நீரிணை. கோடைப் பிற்பகலில் அங்கே மேற்குக் காற்று வலுக்கும். வற்றம் மேற்கே ஓடும்போது காற்று எதிரே வந்தால் அலை செங்குத்தாக நிற்கும். 2022இல் முதல் நாளிலேயே படகுகள் கவிழ்ந்து, ஆட்களைக் கடலோரக் காவல்படை மீட்க வேண்டியிருந்தது. வானிலை அறிக்கையில் பலத்த காற்று என்று இருந்தால் கிளம்பாமல் இருக்கலாம், பாதியில் ஒதுங்கலாம். 36 மணி நேரம் கொடுத்திருப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

விக்டோரியாவில் இரண்டாம் கட்டம் நண்பகலில். ஓடிப்போய்ப் படகில் ஏற வேண்டும். உள்துறைமுகத்தில் பாய் விரிக்க அனுமதி இல்லை, பெடலும் துடுப்புமாக வெளியே வர வேண்டும். கூட்டம் வேடிக்கை பார்க்கும் இடத்தில் செயின் கழன்றால் நல்ல படம் கிடைக்கும், பிறருக்கு.

அடுத்து ஜார்ஜியா நீரிணை, அகலமானது, பல நாள் காற்றே இல்லாதது. வடக்கே கேம்ப்பெல் ரிவர் ஊரைத் தாண்டியதும் சீமோர் நேரோஸ் என்ற குறுகிய வாய். இங்கே கொஞ்சம் நிற்போம்.

சீமோர் நேரோஸில் ஓட்டம் 15 நாட் வரை போகும். நடுவில் ரிப்பிள் ராக் என்ற இரட்டை முனைப் பாறை இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை வாங்கியது. 1958 ஏப்ரல் 5ஆம் தேதி கடலடியில் சுரங்கம் தோண்டி, 1,270 டன் வெடிமருந்து வைத்து அதன் தலையைத் தகர்த்தார்கள். பாறை போனது, ஓட்டம் போகவில்லை. முன்பு எல்லாப் படகும் இதன் வழியாகத்தான் போக வேண்டும். 2022 முதல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், வான்கூவர் தீவின் வெளிப்புறமாகப் பசிபிக் வழியாகவும் போகலாம். புதியவர்களுக்கு வெளிவழியை நான் சொல்ல மாட்டேன். ஒதுங்கும் இடங்கள் தூரம் தூரமாக இருக்கும், பெருங்கடல் அலை நேராக வரும்.

உள்வழியில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் அடங்கித் தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரம் பிற்பகல் 2.20 என்கிறது அட்டவணை. காத்திருக்கும் இடத்திலிருந்து வாய் 3 கடல் மைல். பெடல் வேகம் 2 நாட். ஒன்றரை மணி நேரம் போதும், 12.50க்குக் கிளம்பலாம் என்று கணக்குப் போடுவீர்கள். தப்பு. ஏற்றம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. எதிரே 1 நாட் இருந்தால்கூட உங்கள் வேகம் பாதி, பயணம் மூன்று மணி நேரம். ஆகவே முன்னதாகவே கிளம்பி, கரையை ஒட்டிய சுழிநீரில் ஒளிந்து ஒளிந்து முன்னேற வேண்டும். முன்னதாகப் போய்விட்டால் பெரிய நஷ்டமில்லை. ஓட்டம் உங்களைப் பின்னால் தள்ளும், இன்னும் கொஞ்சம் மிதிப்பீர்கள். தாமதமானால்தான் ஆபத்து: வற்றம் பின்னாலிருந்து பிடித்து, சுக்கானுக்குப் படகு அடங்காத வேகத்தில் சுழல்களுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அரை மணி நேரத் தாமதத்தைப் பொறுக்கலாம். ஒன்றரை மணி நேரம் தாமதமாகிவிட்டால் நங்கூரத்தை எடுக்காதீர்கள், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். ஐந்து படகு உங்களைத் தாண்டிப் போகும். போகட்டும்.

தப்பித்தோம் என்று மூச்சு விடும்போது ஜான்ஸ்டன் நீரிணை வரும். என்னைக் கேட்டால் மொத்தப் போட்டியிலும் புதியவர்களை உடைக்கும் இடம் இதுதான். இரண்டு பக்கமும் மலை. நல்ல வெயில் நாளில்தான் வடமேற்குக் காற்று அந்தக் குழாய்க்குள் புகுந்து, பிற்பகலில் 25, 30 நாட் என்று ஏறும். உங்களுக்குச் சாதகமான வற்றம் அந்தக் காற்றுக்கு நேர் எதிராக ஓடும். சாதக ஓட்டத்தில் போனால் அலை உடைக்கும், அலை அடங்கும் ஏற்றத்தில் போனால் படகு நகராது. இரவிலும் விடியற்காலையிலும் காற்று தணிந்திருக்கும்போது வரும் வற்றத்தைப் பிடிப்பதுதான் வழி. பிற்பகலில் ஏதாவது குடாவில் நங்கூரம் போட்டுத் தூங்குங்கள்.

பாயை எப்போது சுருக்குவது? முதலில் யாருக்கு அந்த யோசனை வருகிறதோ அப்போதே. இருபது நிமிடம் தள்ளிப்போட்டால் அதே வேலையை முழங்கால் தண்ணீர் புரளும் தளத்தில், உணர்ச்சியற்ற விரலால் செய்ய வேண்டியிருக்கும். தளத்தில் முன்னே போகிறவர் இடுப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும், கடல் அமைதியாக இருந்தாலும்.

அங்கிருந்து குவீன் சார்லட் நீரிணை, மூடுபனி. போர்ட் ஹார்டியில் பொருள் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேலே கடைகள் அபூர்வம். கேப் காஷனைச் சுற்றும்போது திறந்த கடலின் நீண்ட அலை முதன்முறையாக வரும், வயிற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஹைல்ட்சுக் பூர்வகுடிகளின் ஊரான பெல்லா பெல்லா, கட்டாயம் தொட வேண்டிய புள்ளி. அதன் வடக்கே இரண்டு வழி: உள்ளே கிரென்வில் போன்ற குறுகிய கால்வாய்கள், வெளியே ஹெகேட் நீரிணை. ஹெகேட்டின் வடபகுதி ஆழம் குறைந்தது, காற்று எழுந்தால் அலை சீக்கிரம் கொடூரமாகிவிடும். உள்ளே பாதுகாப்பு, ஆனால் காற்றிருக்காது. வானிலை தெளிவாக நன்றாக இருந்தால் ஒழிய உள்ளேயே போங்கள். கடைசியாக டிக்சன் என்ட்ரன்ஸ், மறுபடி திறந்த கடல், அதைத் தாண்டினால் அலாஸ்கா.

மரமும் இழுவைக் கப்பலும்

மரம் வெட்டும் தொழில் நடக்கும் கரை இது. நழுவிய மரத்தண்டுகள் மிதந்துகொண்டே இருக்கும். சில செங்குத்தாக, ஒரு நுனி மட்டும் நீர்மட்டத்தில் தெரியும்படி நிற்கும். இரவில் பார்க்கவே முடியாது, சத்தம்தான் கேட்கும். உடைந்த இடத்தை அடைக்கச் சாமான் எடுத்துக்கொள்ளுங்கள், இரவில் வேகத்தைக் குறையுங்கள்.

இழுவைக் கப்பல் பின்னால் நூற்றுக்கணக்கான மீட்டர் கேபிளில் பார்ஜை (தட்டையான சரக்குப் படகை) இழுத்துக்கொண்டு வரும். கொடிமரத்தில் மேலும் கீழுமாக மூன்று வெள்ளை விளக்குத் தெரிந்தால், இழுவையின் நீளம் 200 மீட்டருக்கு மேல். இரண்டு என்றால் அதற்குள். நடுவில் காலியாகத் தெரியும் இடத்தில் புகுந்துவிடாதீர்கள், கேபிள் தண்ணீருக்கடியில் இருக்கும். வி.ஹெச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனலில் கூப்பிட்டு, “மோட்டார் இல்லாத படகு, உங்களுக்கு வழிவிட மெதுவாகத்தான் முடியும்” என்று சொல்லிவிடுங்கள்.

ஈரம், தூக்கம், சோறு

மூன்றாம் நாள் எல்லாமே நனைந்திருக்கும். ஆகவே ஒரு செட் கம்பளி உடையும் ஒரு தூக்கப் பையும் என்ன நடந்தாலும் நனையாத பையில் இருக்க வேண்டும். அந்த உடையைப் படுக்கும்போது மட்டும் போடுங்கள். எழுந்ததும் கழற்றி, பழைய ஈர உடையை மாட்டிக்கொள்ள வேண்டும். காலை நான்கு மணிக்கு அது எவ்வளவு வெறுப்பாக இருக்கும் என்று எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் காய்ந்த உடையோடு வெளியே போனவருக்கு அன்றிரவு காய்ந்த உடை இருக்காது. பாதத்தையும் தினம் ஒரு முறை துடைத்துக் காயவையுங்கள், ஊறிய பாதம் சில நாளில் நடக்கவிடாது.

பருத்தி உடை வேண்டவே வேண்டாம். பசிக்கு முன்பே சாப்பிடுங்கள், கொழுப்பு அதிகம் உள்ளதாக. ஒரு கையால் பிரிக்க முடியாத பொட்டலத்தை எடுத்துப் போகாதீர்கள். ஃப்ளாஸ்கில் எப்போதும் வெந்நீர் இருக்கட்டும், புயலில் அடுப்பு மூட்ட முடியாது.

கரையில் கூடாரம் போடுகிறவர்களுக்கு: வடக்கே போகப் போக ஏற்றவற்ற வித்தியாசம் கூடும், பிரின்ஸ் ரூப்பர்ட் பக்கம் 7 மீட்டரையும் தொடும். மாலையில் அகலமாகக் கிடக்கும் மணல் நள்ளிரவில் இருக்காது. மரத்தண்டுகள் ஒதுங்கியிருக்கும் வரிசைக்கு மேலே போடுங்கள். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், கரடி உண்டு. நங்கூரக் கயிற்றையும் உச்ச ஏற்றத்தின் ஆழத்துக்குக் கணக்கிட்டு விடுங்கள்.

காகித வேலை, அப்புறம் திரும்புவது

விண்ணப்பித்தால் உடனே இடம் கிடைக்காது. உங்கள் கடல் அனுபவத்தைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். இதுவரை போன பயணங்களை, தவறுகளையும் சேர்த்து, நேர்மையாக எழுதுங்கள். இரண்டு நாட்டு எல்லையைத் தாண்டுவதால் பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருக்க வேண்டும். சொந்தப் படகில் அமெரிக்காவுக்குள் நுழைபவருக்கு அந்நாட்டின் விசா விலக்குத் திட்டம் செல்லாது. விமானத்தில் விசா இல்லாமல் வந்து பழகியவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள், மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பியுங்கள்.

பின்னாலிருந்து கிரிம் ஸ்வீப்பர் என்ற படகு வரும். அது உங்களைத் தாண்டினால் உங்கள் போட்டி முடிந்தது. அந்த ஆண்டுக்கான அதன் புறப்பாட்டு நாளைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பயந்து ஜான்ஸ்டன் பிற்பகலில் இறங்க வேண்டாம்.

கெச்சிகன் துறையில் ஒரு மணி இருக்கிறது, போய்ச் சேர்ந்தவர்கள் அதை அடிப்பார்கள். அடித்த கையோடு சுங்கத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அப்புறம் மிச்சமிருக்கும் கேள்வி, படகை எப்படித் திருப்பிக் கொண்டுபோவது என்பது. பலர் இதைக் கெச்சிகனில்தான் முதன்முறையாக யோசிக்கிறார்கள். சிறிய படகென்றால் ட்ரெய்லரோடு வாஷிங்டனின் பெல்லிங்ஹாமுக்குப் போகும் படகுப் போக்குவரத்தில் ஏற்றலாம், கோடையில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரிய படகென்றால் கழற்றிய மோட்டாரை அங்கே வரவழைத்து மாட்டிக்கொண்டு கிளம்பலாம். அதற்கும் சேர்த்து விடுப்பு எடுங்கள்.